குறைமாதத்தில் பிறந்த குழந்தை எப்போது உட்காரும், எப்போது நடக்கும்?

"ஆறு மாசம் ஆச்சே, இன்னுமா உட்காரல?" குறைமாதத்தில் குழந்தை பெற்ற வீட்டில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வந்து விழும், அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. கேட்கிறவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் கேள்வியிலேயே ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதியில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன, அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் யார் குறைமாதக் குழந்தை என்று பார்த்துவிடலாம். கர்ப்பக் கணக்கு 40 வாரம். 37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். அதிலும் 32 முதல் 37 வாரத்துக்குள் பிறப்பவர்கள் ஒரு வகை, 28 முதல் 32 வரை இன்னொரு வகை, 28 வாரம்கூட ஆகாமல் பிறப்பவர்கள் மூன்றாவது வகை. உலகத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று குறைமாதம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் வகை. வீட்டில் "எட்டாம் மாசத்துல பொறந்தது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வோம், ஆனால் இந்த விஷயத்தில் மாதக் கணக்கு போதாது, வாரம் தெரிய வேண்டும். 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கும் 34 வாரத்தில் பிறந்த குழந்தைக்கும் உடம்பிலும் மூளையிலும் இருக்கும் வித்தியாசம் ரொம்பப் பெரியது. டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருப்பார்கள், பத்திரமாக வையுங்கள்.

சரி, அந்தக் கணக்குப் பிழைக்கு வருவோம். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது. இன்னொன்று, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது. இதைத் திருத்திய வயது என்பார்கள். 30 வாரத்தில் பிறந்த குழந்தை 10 வாரம் முந்திவிட்டது. அதற்கு இன்று ஆறு மாதம், அதாவது 26 வாரம் என்றால், பத்தைக் கழித்தால் 16 வாரம். நான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை! நான்கு மாதக் குழந்தையிடம் போய் ஏன் உட்காரவில்லை என்று யாரும் கேட்க மாட்டோம், இல்லையா? அதே மாதிரி 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் முதல் பிறந்தநாளன்று அதன் உடம்புக்கு 40 வாரம்தான், சுமார் ஒன்பது மாதம். கேக்கைச் சுற்றி மற்ற ஒரு வயதுக் குழந்தைகள் எட்டு வைத்துக்கொண்டிருக்க, நம்முடையது அப்போதுதான் ஆடாமல் உட்காரப் பழகியிருந்தால் அதில் தப்பே இல்லை.

இந்தக் கழித்தலை இரண்டு வயது வரை செய்வது வழக்கம். அதற்கப்புறம் ஏன் வேண்டாம் என்றால், இரண்டு வயது என்பது 104 வாரம், அதில் 10 வாரம் அவ்வளவு பெரிய பங்கு இல்லை, வித்தியாசம் கரைந்துபோகிறது. ஒரு குறிப்பு: தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் பொதுவாகக் கிடையாது, அது பிறந்த தேதிக் கணக்குதான். "குறைமாதம்தானே, பொறுத்துப் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது.

எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணை போடுவது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை என்று பருவம் பருவமாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள், ஏறத்தாழச் சரியாகவும் இருக்கிறது. ஆனால் மாதத்தை அப்படி ஒற்றை எண்ணாகச் சொல்வதில்தான் சிக்கல். இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள்: பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். கையூன்றி முழங்காலிட்டுத் தவழ்வது 5.2 முதல் 13.5 வரை. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 வரை. எவ்வளவு அகலம் பாருங்கள்! நூற்றுக்குச் சுமார் நான்கு குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை, நேராக எழுந்து நின்றுவிட்டன. இந்த எண்களை குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயதில் வைத்துப் பார்த்தால், 28 வாரத்தில் பிறந்த குழந்தை காலண்டர்படி 20 மாதம் வரை நடக்காமல் இருந்தாலும் அது அந்த அகலத்துக்குள்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. திருத்திய வயதில் பார்த்தாலும், 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். கழித்தல் கணக்கு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஏனென்றால் குறைமாதக் குழந்தை சீக்கிரம் பிறந்த நிறைமாதக் குழந்தை அல்ல. கடைசி சில வாரங்களை வேறொரு இடத்தில் கழித்த குழந்தை. அந்த வாரங்களில் வயிற்றுக்குள் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

24, 28 வாரத்தில் கருவுக்குக் கர்ப்பப்பையில் தாராளமாக இடம் இருக்கிறது. வாரம் போகப் போக நெருக்கடி. கை, கால், முதுகு எல்லாம் மடங்கி, முழங்கால் வயிற்றில் முட்ட, கைகள் முகத்தருகே வந்து, ஒரு உருண்டையாக ஆகிவிடுகிறது. அது காலை நீட்டி உதைத்தால் சுவர் திருப்பித் தள்ளும், அதுதான் அதன் முதல் உடற்பயிற்சி. தசைகளில் ஓய்வாக இருக்கும்போதும் ஒரு இழுவிசை உண்டு, பிசியோதெரபிஸ்ட்கள் டோன் என்பார்கள். இந்த டோன் கீழிருந்து மேலாக வருகிறது: 28 வாரத்தில் உடம்பு துவண்டு கிடக்கும், 32 வாரம் சுமாருக்குக் கால்கள் மடங்க ஆரம்பிக்கும், 36 வாரத்தில் கைகளுக்கும் பரவும், 40 வாரத்தில் முழுக் குழந்தையும் சுருண்டிருக்கும். நிறைமாதத்தில் பிறந்த பச்சைக் குழந்தையின் காலை நீட்டிவிட்டுப் பாருங்கள், விட்டவுடன் ஸ்பிரிங் போல மடங்கிக்கொள்ளும்.

29 வாரத்தில் வெளியே வந்த குழந்தைக்கு இந்தச் சுருட்டல் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கிடைத்தது தட்டையான படுக்கையும் புவியீர்ப்பும். எதிர்த்து மடங்கத் தசையில் பலம் இல்லை. கைகள் இரண்டு பக்கமும் விரிந்து, கால்கள் தவளைக்கால் போலப் பரந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து வாரக்கணக்கில் கிடக்கிறது. தலையும் இதில் பக்கவாட்டில் தட்டையாகி நீளமாகிவிடும், தலை நீளமானால் நேராக நடுவில் வைத்திருப்பது இன்னும் கஷ்டம், அதனால் இன்னும் பக்கமாகவே திரும்பும், இப்படி ஒன்றை ஒன்று வளர்க்கும். இப்போது பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் துணியைச் சுருட்டி ஒரு கூடு மாதிரி கட்டி, குழந்தையை மடக்கி, கைகளை நடுவுக்குக் கொண்டுவந்து படுக்க வைப்பது இதனால்தான். பார்க்க ஏதோ அழகுக்காகச் செய்தது போல இருக்கும், செய்வது கர்ப்பப்பைச் சுவரின் வேலை. இவ்வளவு செய்தும், பிறக்க வேண்டிய தேதியை எட்டும்போது குறைமாதக் குழந்தை நிறைமாதக் குழந்தை அளவுக்குச் சுருண்டு இருப்பதில்லை.

இதனால் வருவது ஒரு ஏமாற்று. மடக்கும் தசைகளைவிட நீட்டும் தசைகள் முந்திக்கொள்கின்றன. சில மாதம் போனதும் குழந்தை முதுகை வில் போல வளைக்கும், தோள்கள் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், தூக்கி நிறுத்தினால் கால்களை விறைத்துக்கொண்டு நன்றாகவே நிற்கும். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்: "பாருங்க, இப்பவே நிக்குது, நல்ல பலம்!" அது பலம் இல்லை. இந்த விறைப்பு உட்காருவதற்கு எதிரி. உட்கார இடுப்பு மடங்க வேண்டும், முதுகு கொஞ்சம் முன்னே வர வேண்டும், கைகள் நடுவில் சந்திக்க வேண்டும். தோள் பின்னுக்கு இழுத்திருந்தால் கை வாய்க்கு வராது, பொம்மையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற முடியாது, தன் பாதத்தைத் தானே பிடித்து வாயில் வைக்கும் அந்த அருமையான விளையாட்டும் நடக்காது. குப்புறக் கவிழ்வதும் வயிற்றுத் தசையால் உருண்டு கவிழாமல், முதுகை வளைத்து சடாரென்று புரள்வதாக இருக்கும். நல்ல செய்தி, நிறையக் குழந்தைகளுக்கு இந்த விறைப்பு முதல் வருடத்தின் நடுவில் வந்து, ஒரு வயதுக்குப் பிறகு மெல்லக் குறைந்துவிடுகிறது. ஆனால் அது இருக்கும் மாதங்களில் நின்று பழக விடாமல் மடங்கி விளையாட விட்டால் குழந்தைக்குச் சுலபம்.

இனி மூளை. இந்தப் பகுதி கொஞ்சம் கனமானது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூளையின் நடுவில் நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில், 24 முதல் 32 வாரம் வரை, நரம்பு இழைகளுக்கு உறை போடப்போகும் இளம் செல்கள் இருக்கின்றன. மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ அப்படி இந்த உறை. இருந்தால்தான் மூளையின் உத்தரவு தசைக்கு வேகமாகப் போகும். அந்தச் செல்கள் ஆக்ஸிஜன் குறைவையும், ரத்த ஓட்டத் தடுமாற்றத்தையும், நோய்த்தொற்று கிளப்பும் அழற்சியையும் தாங்காது. அதே ஓரத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு தற்காலிகப் பகுதியும் இருக்கிறது, நிறைமாதத்துக்குள் தானே மறைந்துவிடும். குறைமாதத்தில் அது இன்னும் மறைந்திருக்காது, கசியலாம். கசிந்தால் பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள். உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்து ஒன்று முதல் நான்கு வரை கிரேடு சொல்வார்கள். ஒன்று, இரண்டு என்றால் பெரும்பாலும் பெரிய பாதிப்பு இருப்பதில்லை. மூன்று, நான்கு என்றால் நெருக்கமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு கேள்வி இங்கே இயல்பாக வரும்: குறைமாதக் குழந்தைகளுக்கு ஏன் கையைவிடக் காலில்தான் பிரச்சினை அதிகம்? விடை வெறும் இடம் சார்ந்தது. மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்பு இழைகளில் கால்களுக்குப் போகிறவை அந்த நீர் அறைகளை ஒட்டியே போகின்றன, கைக்குப் போகிறவை கொஞ்சம் வெளியே தள்ளி. அறையோரத்தில் சேதம் என்றால் முதலில் அடிபடுவது காலின் வழி. இரண்டு கால்களும் இறுகி, நுனிக்காலில் நடக்கும் வகைப் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, வளரும் மூளையில் ஏற்பட்ட சேதத்தால் அசைவில் வரும் குறைபாடு) குறைமாதக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது இதனால்தான்.

பெருமூளை வாதம் என்ற பெயரைக் கேட்டதும் மனம் எங்கெங்கோ போகும். மொத்தக் குழந்தைகளில் ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு பேருக்கு அது வருகிறது, பிறந்த வாரம் குறையக் குறைய வாய்ப்பு கூடுகிறது. ஆனால் 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில்கூடப் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை.

நான் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன்: தாமதமாகச் செய்வது வேறு, வேறு மாதிரிச் செய்வது வேறு. திருத்திய வயதில் பத்து மாதத்தில்தான் உட்கார்ந்தது, ஆனால் நிமிர்ந்து, இரண்டு கையையும் விட்டு, திரும்பிப் பார்த்து, விழப்போனால் கையூன்றி உட்காருகிறது என்றால் அது தாமதம். எட்டு மாதத்திலேயே உட்கார்ந்துவிட்டது, ஆனால் எப்போதும் ஒரு பக்கமாகச் சரிகிறது, ஒரு கை மூடியே இருக்கிறது என்றால் முன்கூட்டி உட்கார்ந்தாலும் அதைத்தான் காட்ட வேண்டும். அட்டவணையில் டிக் அடிக்கிற பழக்கத்தில் இந்த இரண்டாவது குழந்தை நழுவிவிடுகிறது.

அசைவின் தரத்தைப் பார்க்கும் ஒரு அழகான முறை இருக்கிறது. ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆஸ்திரிய மருத்துவர் குழந்தைகளின் தன்னிச்சையான அசைவுகளைக் கூர்ந்து பார்த்து உருவாக்கியது. திருத்திய வயதில் மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, பொம்மை காட்டாமல், கொஞ்சாமல், விழித்து அமைதியாக இருக்கும்போது சில நிமிடம் வீடியோ எடுப்பார்கள். அந்த வயதில் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னதாக, நில்லாமல், எல்லாத் திசையிலும் ஒரு துறுதுறுப்பான அசைவு இருக்க வேண்டும். இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. சுத்தமாக இல்லையென்றால் பெருமூளை வாதத்துக்கான வலுவான முன்னறிகுறி. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, பயிற்சி பெற்ற கண் மட்டும் போதும். முன்பு ஒன்றரை இரண்டு வயதுவரை காத்திருந்து பெயர் சூட்டிய நோயை, இதையும் மூளை எம்.ஆர்.ஐ.யையும் நரம்புப் பரிசோதனையையும் சேர்த்து ஐந்து மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் கணித்துவிட முடிகிறது. அதனால் "ரெண்டு வயசு வரைக்கும் பார்க்கலாம்" என்ற பதிலை இனி அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் என்னென்ன பார்க்கலாம்? எல்லாம் திருத்திய வயதில் சொல்கிறேன். நான்கு மாதம் தாண்டியும் கை எப்போதும் முஷ்டியாகவே இருப்பது, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருப்பது. ஐந்து மாதத்திலும் கழுத்து நிற்காமல் தொங்குவது. ஒன்பது பத்து மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்காராதது. டயப்பர் மாற்றும்போது தொடைகளை விரிக்க முடியாத அளவுக்கு இறுக்கம், நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போவது. இன்னொன்று பலர் பெருமையாகவே சொல்வது: "இவன் இடது கைக்காரன், ஆறு மாசத்துலயே தெரிஞ்சுடுச்சு." ஒரு வயதுக்கு முன் குழந்தைக்கு வலது கைப் பழக்கமும் கிடையாது, இடது கைப் பழக்கமும் கிடையாது. ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் மற்ற கை ஏன் வரவில்லை என்றுதான் கேட்க வேண்டும். கடைசியாக, செய்துகொண்டிருந்த ஒன்றைக் குழந்தை செய்யாமல் விட்டுவிட்டால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியவை. விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள். தூங்குவது எப்போதும் மல்லாக்கத்தான், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். குப்புறப் போட்டால் முதலில் அழும், தலை கனம், கழுத்து பலவீனம். அப்படியானால் தரையில் வேண்டாம், நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து உங்கள் மார்பில் குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் முகத்தைப் பார்க்கத் தலை தூக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாளைக்குப் பல தடவை. பக்கவாட்டில் படுக்க வைத்து முன்னால் பொம்மை வைத்தால் இரண்டு கையும் தானே நடுவில் சந்திக்கும். தூக்கும்போது கால்களை மடக்கி, ஒரு பந்து போல, தோள்கள் முன்னே வருகிற மாதிரித் தூக்குங்கள். கையையும் காலையும் நாம் பிடித்து அசைத்துவிடுவதைவிடக் குழந்தையே எட்டி எடுக்க, உருள, தள்ள ஆசைப்படும்படி ஒரு பொருளைச் சரியான தூரத்தில் வைப்பது மேல். தானாகச் செய்த அசைவைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. நுரையீரல் இன்னும் முழுசாகத் தேறாத குழந்தைக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும், அதனால் கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் ஓய்வு.

செய்யக் கூடாதது என்று ஒன்று சொல்லச் சொன்னால், வாக்கர். உள்ளே உட்கார வைத்து நுனிக்காலால் உந்தும் அந்தச் சக்கர வாக்கர்தான். ஏற்கெனவே கால் விறைக்கும், நுனிக்காலுக்குப் போகும் குழந்தையை அதே பழக்கத்தில் நாள் முழுக்க வைக்கிறது. சீக்கிரம் நடக்க வைக்கவும் செய்யாது. படியில் உருண்டு விழும் விபத்துகள் வேறு. கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நின்றுகொண்டு பிடித்துத் தள்ளும் நடைவண்டி வேறு கதை, தானாக எழுந்து நிற்கும் குழந்தைக்கு அது நல்லதுதான்.

மருத்துவமனைப் பக்கத்தில் நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 32 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகப்போகிறது என்று தெரிந்தால் தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் ஏற்றுவது குழந்தைக்குப் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. மூச்சு விட்டு விட்டு நின்றுபோவதைத் தடுக்கக் கொடுக்கும் காஃபீன், ஆம், காப்பியில் இருக்கும் அதே காஃபீன், அதைப் பெற்ற குழந்தைகளை 11 வயது வரை பின்தொடர்ந்தபோது இயக்கக் குறைபாடு குறைவாகவே இருந்தது. 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறை, தாயோ தந்தையோ வெறும் மார்பில் குழந்தையை அணைத்து வைப்பது, சூட்டுக்காக மட்டும் அல்ல. அந்த நிலையில் குழந்தை தானாக மடங்கிச் சுருண்டுதான் இருக்கிறது.

நடந்துவிட்டது, ஓடுகிறது, எல்லாம் முடிந்தது என்று பலரும் இங்கே கதையை மூடிவிடுகிறார்கள். ஆனால் சில குழந்தைகளுக்கு நான்கு, ஐந்து வயதில் வேறொன்று தெரியவரும். பட்டன் போட வராது. கத்தரிக்கோல் கோட்டைவிட்டுப் போகும். பந்து முகத்துக்கு வந்த பிறகுதான் கை எழும். பென்சிலை நசுங்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்து இரண்டு வரி எழுதியதும் கை வலிக்கிறது என்னும். அறிவில் குறை இல்லை, தசையிலும் வாதம் இல்லை, அசைவுகளைத் திட்டமிட்டுக் கோர்ப்பதில் தடுமாற்றம். ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடம் இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பெயர் தெரியாததால் இந்தக் குழந்தைகளுக்குக் கிடைப்பது சோம்பேறி, கவனமில்லாதவன், கையெழுத்து கோழி கிறுக்கல் என்ற பட்டங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து அதே வேலையையே பழக்கினால் நன்றாக முன்னேறுவார்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி கேட்பார்கள், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று கேட்க மாட்டார்கள். நீங்களே போய் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், அந்த டிஸ்சார்ஜ் தாளின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.